விண்டோஸ் 11: மிடி கோப்பு ஓடுகிறது, ஒலி மட்டும் கேட்கவில்லை

சரளிவரிசை
அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டில் கர்நாடக இசை கற்பிக்கிறேன். மாணவர்கள் தாங்களாகவே பயிற்சி செய்வதற்கென்று சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரங்கள், சில வர்ணங்கள் ஆகியவற்றை மிடி கோப்புகளாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது விண்டோஸ் 11 உள்ள மேசைக் கணினியில், பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் அவற்றைத் திறந்தால் நேரக்கோடு நகர்கிறது, முடிவுக்கு வந்ததும் நிற்கிறது, ஆனால் ஒலி கேட்பதில்லை. விஎல்சியில் திறந்தால் பிழைச் செய்தி வருகிறது. அதே விஎல்சியில் எம்பி3 பாடல்கள் நன்றாகக் கேட்கின்றன. குரோமில் யூடியூபும் கேட்கிறது. ஆகையால் ஸ்பீக்கரில் குறையில்லை என்று நினைக்கிறேன். கோப்புகள் கெட்டுவிட்டனவா, கணினியில் ஏதேனும் விடுபட்டுள்ளதா என்பதை எப்படிக் கண்டறிவது?

வேகவழி
இணையத்தில் மிடியை எம்பி3 ஆக மாற்றித் தரும் தளங்கள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை மீண்டும் வராது.

எக்ஸ்பி_நினைவு
எக்ஸ்பி காலத்தில் இதே சிக்கல் அடிக்கடி வரும். ஒலியளவுப் பலகையைத் திறந்தால் எஸ்டபிள்யூ சிந்த் என்று தனியாக ஒரு நகர்த்தி இருக்கும். அது ஊமையாக்கப்பட்டிருந்தால் மிடிக்கு மட்டும் ஒலி வராது, மற்ற எல்லாம் கேட்கும். முதலில் அதைப் பாருங்கள், அம்மா. அதில் குறையில்லை என்றால் சவுண்ட் கார்டின் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

அலைவடிவம்
எதையும் நீக்குவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். எஸ்டபிள்யூ சிந்த் நகர்த்தி எக்ஸ்பியோடு போய்விட்டது. விஸ்டா முதல் ஒலியளவு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. மிடியின் ஒலியும் அதை இயக்கும் செயலியின் கணக்கிலேயே சேர்ந்துவிடும். டிரைவரை மறுபடி நிறுவுவதாலும் பயன் இருக்காது என்பது என் கணிப்பு, ஏனென்றால் இன்றைய வீட்டுக் கணினிகளில் மிடியை ஒலியாக்குவது சவுண்ட் கார்டு அன்று, விண்டோஸோடு வரும் ஒரு மென்பொருள் சிந்தசைசர்.

எம்பி3 கோப்பில் இருப்பது பதிவு செய்யப்பட்ட ஒலி. மிடி கோப்பில் இருப்பது, எந்தச் சுரத்தை, எந்த வாத்தியத்தில், எவ்வளவு அழுத்தி, எப்போது தொடங்கி எப்போது விட வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே. ஒரு வர்ணம் முழுவதும் சில பத்து கிலோபைட்டில் அடங்குவது அதனால்தான். அந்தக் கட்டளைகளைப் பிளேயர் படிக்கிறது. எந்தச் சிந்தசைசருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் மிடி மேப்பர் வழியாகச் சிந்தசைசரிடம் கொடுக்கிறது. சிந்தசைசர் தன்னிடமுள்ள வாத்திய மாதிரிகளைக் கொண்டு அலையை உருவாக்குகிறது. அந்த அலை விண்டோஸின் மிக்சருக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஓர் ஒலிச்சாதனத்துக்குப் போகிறது. எம்பி3 நன்றாகக் கேட்கிறது என்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. அதையும் பாதிதான் சொல்கிறது என்பதற்குக் கீழே வருகிறேன்.

ஆகவே சங்கிலியை நடுவில் வெட்டிப் பார்ப்பதே குறுக்குவழி. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மீடியா என்றொரு கோப்புறை இருக்கிறது. அதில் டவுன், ஃப்ளரிஷ், ஒன்ஸ்டாப் என்ற பெயர்களில் மிடி கோப்புகள் விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றில் ஒன்றை அதே பிளேயரில் இயக்குங்கள். அதுவும் ஊமையாக ஓடினால் குறை உங்கள் கோப்புகளில் இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பணிப்பட்டையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை வலச்சொடுக்கி வால்யூம் மிக்சரைத் திறந்து, மீடியா பிளேயரின் ஒலியளவு அருகே அளவுக்கோடு துடிக்கிறதா என்று கவனியுங்கள். துடித்தால் சிந்தசைசர் வேலை செய்கிறது, ஒலி பிறந்த பிறகு வழியில் எங்கோ தவறிவிடுகிறது. துடிக்காவிட்டால் ஒலி பிறக்கவே இல்லை. அப்போது மேப்பரையும் சிந்தசைசரையும் ஆராய வேண்டும். மேலும் ஒரு கேள்வி: மின்னஞ்சல் வரும்போதோ பிழைப்பெட்டி தோன்றும்போதோ விண்டோஸ் எழுப்பும் மணியொலி உங்களுக்குக் கேட்கிறதா?

பெங்குவின்_வாசி
விஎல்சி பற்றி மட்டும் சொல்கிறேன். அது விண்டோஸின் சிந்தசைசரைப் பயன்படுத்துவதில்லை. ஃப்ளூயிட்சிந்த் என்னும் மென்பொருள் சிந்தசைசர் வகை நீட்சி ஒன்றை நம்பியிருக்கிறது, அந்த நீட்சிக்குச் சவுண்ட்ஃபான்ட் கோப்பு, அதாவது வாத்திய மாதிரிகளின் தொகுப்பு, ஒன்றைத் தனியாகக் காட்ட வேண்டும். காட்டாதவரை அது மிடியைப் பாடாது. எனவே உங்களிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். விஎல்சியின் பிழைச் செய்தியைக் கொண்டு மீடியா பிளேயரின் மௌனத்தை விளக்க முயல வேண்டாம்.

லினக்ஸில் இந்நிலை இன்னும் வெளிப்படையானது. உபுண்டுவை நிறுவியவுடன் மிடிக்கென்று சிந்தசைசர் எதுவும் இருக்காது. ஃப்ளூயிட்சிந்த்தையும் ஒரு சவுண்ட்ஃபான்ட் தொகுப்பையும் நாமே நிறுவ வேண்டும்; விஎல்சி வேண்டுமென்றால் அதற்கான ஃப்ளூயிட்சிந்த் நீட்சித் தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும்.

சரளிவரிசை
விரிவான பதிலுக்கு நன்றி, ஐயா. டவுன் கோப்பை இயக்கிப் பார்த்தேன், அதுவும் ஊமையாகவே ஓடியது. ஆனால் மிக்சரில் மீடியா பிளேயருக்குரிய கோடு நன்றாகத் துடிக்கிறது. மணியொலி பற்றி நீங்கள் கேட்ட பிறகே கவனித்தேன், அது கேட்பதில்லை. அண்மையில் புது மானிட்டர் வாங்கியபோது யூடியூபில் ஒலி நின்றுபோய், அண்ணன் மகன் வந்து ஏதோ அமைப்பை மாற்றிக் கொடுத்தான். அதன்பின் பாடல்கள் கேட்டதால் நான் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

வேகவழி அவர்களுக்கு: எம்பி3 எனக்குப் பயன்படாது. ஒரே வரிசையை முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும் ஓடவிட வேண்டும். ஒரு மாணவிக்கு ஐந்து கட்டை, இன்னொரு மாணவனுக்கு ஒன்றரைக் கட்டை என்று சுருதியை மாற்ற வேண்டும். மிடியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஒலித்தன்மை கெடுவதில்லை.

அலைவடிவம்
அளவுக்கோடு துடிக்கிறது, மணியொலி கேட்பதில்லை, புது மானிட்டர் வந்திருக்கிறது. இம்மூன்றும் ஒன்றாக வந்தால் விடை ஏறக்குறைய உறுதி. எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சுமப்பதால், மானிட்டரை விண்டோஸ் ஓர் ஒலிச்சாதனமாகவும் பதிவு செய்துகொள்ளும். பல நேரங்களில் அதையே இயல்புநிலைச் சாதனமாகவும் ஆக்கிவிடும். மானிட்டருக்குள் ஸ்பீக்கர் இல்லை என்பதும், ஹெட்போன் துளை மட்டும் இருக்கிறது என்பதும் விண்டோஸுக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் மகன் இயல்புநிலையை மாற்றாமல், குரோமுக்கும் விஎல்சிக்கும் மட்டும் தனியாக ஸ்பீக்கரைக் காட்டியிருக்க வேண்டும். விண்டோஸ் 11இல் வால்யூம் மிக்சர் பக்கத்திலேயே ஒவ்வொரு செயலிக்கும் எதிரே அந்தத் தேர்வு உண்டு. மீடியா பிளேயருக்கு யாரும் எதையும் காட்டவில்லை. ஆகவே அதன் ஒலி இயல்புநிலைச் சாதனமான மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மானிட்டரின் துளையில் ஒரு ஹெட்போனைச் செருகிக் கேட்டால் உங்கள் சரளி வரிசை அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

எம்பி3 பற்றி முன்பு பாதிதான் என்று சொன்னதன் பொருள் இதுதான்: ஒரு செயலியில் ஒலி கேட்பதைக் கொண்டு, எல்லாச் செயலிகளும் அதே வழியில் போகின்றன என்று முடிவு கட்ட முடியாது.

அமைப்புகளில் சிஸ்டம், சவுண்ட் என்று சென்று, வெளியீட்டுச் சாதனமாக உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மிக்சர் பக்கத்தில் குரோமுக்கும் விஎல்சிக்கும் கொடுத்திருக்கும் தனித் தேர்வுகளை இயல்புநிலைக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் நாளை வேறு ஸ்பீக்கர் மாட்டும்போது அவை பழைய வழியிலேயே நிற்கும்.

எக்ஸ்பி_நினைவு
அருமையான கணிப்பு. ஆயினும் கோடு துடிக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். இந்த இழையைத் தேடி வருவோரில் பாதிப்பேர் அந்த நிலையில்தான் இருப்பார்கள்.

அலைவடிவம்
சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் கோப்பு ஒலித்து, நம்முடையது ஒலிக்காவிட்டால் நம் கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். முறையான மிடி கோப்பின் முதல் நான்கு எழுத்துகள் எம், டி, எச், டி (MThd) என்று இருக்கும்; அவற்றுக்குப் பதில் வலைப்பக்கத்தின் குறிமொழி தென்பட்டால், பதிவிறக்கம் என்ற பெயரில் நமக்கு வந்தது பிழைப்பக்கம்தான். விண்டோஸ் கோப்பும் ஒலிக்காமல், கோடும் துடிக்காமல் இருந்தால், சிஸ்டம்32 கோப்புறையில் டிரைவர்ஸ் என்ற உட்கோப்புறைக்குள் ஜிஎம் டாட் டிஎல்எஸ் என்னும் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாத்திய மாதிரிகள் அனைத்தும் அதில்தான் உள்ளன. இடத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் துப்புரவு மென்பொருள்களும், உறுப்புகளைக் கழித்துக் கட்டிய விண்டோஸ் பதிப்புகளும் இருக்கும் கணினியில் இதை முதலில் சோதிப்பது நல்லது. முன்பு ஏதேனும் மாற்றுச் சிந்தசைசரை நிறுவி, அரைகுறையாக நீக்கியிருந்தாலும், மேப்பர் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடும். அந்த மென்பொருளை மறுபடி முழுமையாக நிறுவி, மேப்பரை விண்டோஸின் சிந்தசைசருக்குத் திருப்பிவிட்டு, அதன்பிறகு முறையாக நீக்குவதே பாதுகாப்பானது.

சரளிவரிசை
கேட்கிறது! ஸ்பீக்கரை இயல்புநிலையாக்கியதும் எல்லாக் கோப்புகளும் ஒலிக்கின்றன, மணியொலியும் திரும்பிவிட்டது. உங்கள் அனைவருக்கும் நன்றி.

ஒலி வந்தபின் பேராசை வருகிறது. வீணைக்காக நான் தேர்ந்த வாத்தியம் தகரத்தைத் தட்டுவது போல் இருக்கிறது. இதைவிட நல்ல ஒலியைப் பெற வழி உண்டா?

பெங்குவின்_வாசி
உண்டு. விண்டோஸின் சிந்தசைசர் ரோலண்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற மாதிரிகளைக் கொண்டது. அந்தத் தொகுப்பின் பதிப்புரிமை ஆண்டு 1996. மொத்தம் சுமார் 3.4 மெகாபைட்டில் 128 வாத்தியங்களையும் தாள வாத்தியங்களையும் அடக்கியிருக்கிறார்கள். அன்றைய கணினிகளின் நினைவகத்தை எண்ணிப் பார்த்தால் அது மெச்சத்தக்க வேலை. ஆனால் ஃப்ளூயிட்ஆர்3 என்ற இலவசச் சவுண்ட்ஃபான்ட் மட்டுமே 140 மெகாபைட் அளவுடையது என்னும்போது வேறுபாடு விளங்கும். ஜெனரல்யூசர் ஜிஎஸ் அதைவிடச் சிறியது, ஆயினும் சமநிலை நன்றாக இருக்கும். நான் முதலில் அதையே பரிந்துரைப்பேன்.

விண்டோஸில் விர்ச்சுவல்மிடிசிந்த் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் சவுண்ட்ஃபான்ட்டை ஏற்றினால், அது ஒரு மிடி சாதனமாகத் தோன்றும். அதை இயல்புநிலையாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்பியில் எந்த மிடி சாதனத்தில் ஒலிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டகத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். விஸ்டாவில் அந்தப் பக்கம் மறைந்தது. விண்டோஸ் 8 முதல் மேப்பரை மாற்றும் பிற வழிகளும் அடைபட்டன. அதனால் அதே வெளியீட்டாளரின் மிடிமேப்பர் கருவியையும் சேர்த்து நிறுவிக்கொள்ளுங்கள். அதே சவுண்ட்ஃபான்ட்டை விஎல்சியின் விரிவான விருப்பங்களில் ஃப்ளூயிட்சிந்த் பகுதியில் காட்டினால், உங்களிடம் உள்ள பதிப்பில் அந்த நீட்சி இருக்குமானால், விஎல்சியும் பாடத் தொடங்கும்.

வீணையைப் பொறுத்தவரை ஓர் எல்லை இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று பொதுவாக 1991இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி பட்டியலில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடமுண்டு. வீணைக்கும் நாகசுரத்துக்கும் இல்லை. தாள வாத்தியங்களிலும் பாங்கோ, காங்கா உண்டு, மிருதங்கம் இல்லை. ஆகவே எந்தச் சவுண்ட்ஃபான்ட்டைப் போட்டாலும் அந்தப் பட்டியலின்படி உங்களுக்குக் கிடைப்பது நல்ல சிதார்தான். வீணை வேண்டுமென்றால் வீணை மாதிரிகள் உள்ள தனிச் சவுண்ட்ஃபான்ட் ஒன்றைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

கருங்கட்டை
இதே இழையில் கேட்பதற்குப் பொறுத்தருளவும். என்னுடைய கீபோர்டை யூஎஸ்பி மிடி கம்பியால் கணினியோடு இணைத்திருக்கிறேன். கணினி அதை அடையாளம் காண்கிறது, ஆனால் கட்டையை அழுத்தினால் கணினியின் ஸ்பீக்கரில் எதுவும் கேட்பதில்லை. இயல்புநிலைச் சாதனத்தைச் சரிபார்த்துவிட்டேன்.

அலைவடிவம்
உள்ளே வரும் மிடியை விண்டோஸ் தானாகச் சிந்தசைசரிடம் கொண்டுசேர்ப்பதில்லை. கீபோர்டின் உள்ளீட்டைக் கேட்டு, அதைச் சிந்தசைசருக்கு அனுப்பும் ஒரு செயலி நடுவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; இசைப்பதிவு மென்பொருள் எதுவாயினும் அந்த வேலையைச் செய்யும். அப்படியொன்றைத் திறந்தபிறகும் சுரம் வந்துசேரவில்லை என்றால் கம்பியின் ஐந்து ஊசி முனைகளைப் பாருங்கள். கணினி கேட்க வேண்டியது கீபோர்டின் வெளியீட்டை. ஆகவே கம்பியில் இன் என்று குறித்த முனை கீபோர்டின் அவுட் துளையில் இருக்க வேண்டும். பெயரொற்றுமையைப் பார்த்து இன்னை இன்னில் மாட்டுவது வழக்கமாக நிகழ்வது. சில கம்பிகளில் குறியீடே நேர்மாறாக இருக்கும் என்பதால், ஒருமுறை மாற்றி மாட்டிப் பார்த்துவிடுவது விரைவான சோதனை.

எல்லாம் சரியான பிறகும், விண்டோஸின் சொந்தச் சிந்தசைசரில் கட்டையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையே உணரத்தக்க தாமதம் இருக்கும். கோப்பை ஓடவிடும்போது எல்லாச் சுரங்களும் ஒரே அளவு தாமதிப்பதால் அது தெரியாது, கையால் வாசிக்கும்போது விரலையே குழப்பிவிடும். அதற்குத் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ வகை டிரைவரும், அதை ஏற்கும் மென்பொருள் வாத்தியமும் தேவை. மேற்கொண்டு கேட்க இருந்தால் தனி இழை தொடங்குங்கள், தம்பி, அங்கே வருகிறேன்.

சரளிவரிசை
ஜெனரல்யூசர் ஜிஎஸ் ஏற்றிக் கேட்டேன். என் பழைய கோப்புகள் எல்லாம் புதுக்களை பெற்றுவிட்டன. ஆனால் என் மாணவி ஒருத்தி அண்மையில் அனுப்பிய கோப்பு மட்டும் விசித்திரமாக ஒலிக்கிறது. அவள் சுரக்குறிப்பை மிடியாக மாற்றும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில், மிடோ நூலகத்தைக் கொண்டு எழுதியிருக்கிறாள். தாளத்துக்கென அவள் எழுதிய தட்டுகள் பியானோவாகக் கேட்கின்றன. சிதார் பான்ஜோ போல் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல வேண்டிய ஜாருக்கள் எல்லாம் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. சவுண்ட்ஃபான்ட்டில் குறையா?

வேகவழி
பழைய கோப்புகள் நன்றாக ஒலிக்கும்போது சவுண்ட்ஃபான்ட்டைக் குறைசொல்ல முடியாது. நிரலைத்தான் பார்க்க வேண்டும்.

அலைவடிவம்
வேகவழி சொல்வது சரி. முதல் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றே. மிடி பற்றிய அட்டவணைகள், வாத்தியங்களைத் தனித்தனியே ஒலிக்க வைக்கும் தடங்களான சேனல்களை 1 முதல் 16 வரையும், வாத்தியங்களை 1 முதல் 128 வரையும் எண்ணுகின்றன. கோப்புக்குள் எழுதப்படும் எண்களோ 0இல் தொடங்குகின்றன. மிடோ நூலகம் கோப்பின் எண்ணிக்கையை அப்படியே பின்பற்றுகிறது. தாள வாத்தியங்களுக்கு உரியது பத்தாவது சேனல் என்று படித்து உங்கள் மாணவி 10 என்று எழுதியிருப்பாள். நிரல் அதைப் பதினோராவது சேனலாக எடுத்துக்கொண்டது. அங்கே வாத்தியம் எதுவும் குறிப்பிடப்படாததால் முதல் வாத்தியமான பியானோ ஒலித்தது. அதுபோலவே பட்டியலில் சிதார் 105, அதற்கு அடுத்த 106 பான்ஜோ. நிரலில் 105 என்று எழுதினால் பான்ஜோதான் வரும். சேனலை 9 என்றும், வாத்தியத்தை 104 என்றும் மாற்றச் சொல்லுங்கள்.

ஜாரு சற்று நுட்பமானது. சுரத்தை வளைக்கும் கட்டளை எத்தனை அரைச்சுரம் வளைய வேண்டும் என்று சொல்வதில்லை. அனுமதிக்கப்பட்ட எல்லையில் எவ்வளவு பங்கு வளைய வேண்டும் என்றுதான் சொல்கிறது. எல்லையைத் தனியே அறிவிக்காவிட்டால், மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்பதையே சிந்தசைசர்கள் எடுத்துக்கொள்ளும். மாணவி பன்னிரண்டு அரைச்சுர எல்லையை மனத்தில் வைத்துக் கணக்கிட்டிருந்தால், ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு, அதாவது ஏழு அரைச்சுரம் ஏறவேண்டிய ஜாருவுக்கு, பன்னிரண்டில் ஏழு பங்கு என்று எழுதியிருப்பாள். சிந்தசைசர் அதே பங்கை இரண்டு அரைச்சுரத்தில் கணக்கிடுவதால், ஜாரு சுத்த ரிஷபத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும். நீங்கள் கேட்பது இப்படித்தான் இருக்கிறதா என்று ஒருமுறை சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரளிவரிசை
ஒப்பிட்டுப் பார்த்தேன். பஞ்சமம் வரவேண்டிய இடத்தில் சுத்த ரிஷபத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. மாணவியும் பன்னிரண்டை வைத்தே கணக்கிட்டதாகச் சொல்கிறாள். எல்லையை எப்படி அறிவிப்பது?

அலைவடிவம்
முதல் சுரத்துக்கு முன்பாக, அந்தச் சேனலில், கண்ட்ரோல் சேஞ்ச் வகைக் கட்டளைகள் சிலவற்றை இதே வரிசையில் அனுப்ப வேண்டும்: 101க்கு மதிப்பு 0, 100க்கு 0, பிறகு 6க்கு 12, 38க்கு 0. முதல் இரண்டும் வளைவு எல்லையை மாற்றப் போகிறோம் என்று சொல்கின்றன, அடுத்த இரண்டும் புது எல்லையைத் தருகின்றன. முடிந்ததும் 101க்கும் 100க்கும் 127 அனுப்பி மூடிவிட்டால், பின்னால் தவறி வரும் எந்தக் கட்டளையும் எல்லையைக் கலைக்காது.

மேலும் இரண்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். வளைவு அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒன்றாக வளைக்கும். ஆகவே தம்புராவின் சுருதியைப் பாட்டின் சேனலில் வைத்தால் ஒவ்வொரு கமகத்துக்கும் சுருதியே சேர்ந்து ஆடும். அதற்கு வேறு சேனல் வேண்டும். ஜாரு முடிந்து அடுத்த சுரம் தொடங்குவதற்குள் வளைவை நடுநிலைக்குத் திருப்பவும் வேண்டும். மிடோவில் நடுநிலை என்பது 0. இவை செய்த பிறகும், பாட்டை நடுவிலிருந்து ஓடவிட்டால் சில பிளேயர்கள் தொடக்கத்தில் அனுப்பிய எல்லையைப் படிக்காமல் தாண்டிவிடும். மாணவர்கள் சரணத்திலிருந்து மட்டும் பயிற்சி செய்வதாக இருந்தால், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அந்தக் கட்டளைகளை மீண்டும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்; கோப்பு சில பைட்டுகள்தான் கூடும்.